பகுத்தளிக்கும் பேரெண்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய மரபு நம்முடையது. தில்லியில் குடியேறிய நாம், எழுத்தைக் காக்கச் சங்கம் கண்டோம். தமிழ் வகுப்பும் நடத்துகிறோம். எண்ணை மட்டும் பள்ளியிடம் ஒப்படைத்துவிட்டோம். அங்கே நம் செல்வங்கள் வாய்ப்பாட்டைப் ‘பஹாடா’ என்று இந்தியில் ஒப்பிக்கின்றனர். கணித மேதை இராமானுசன் என்றால் 1729 என்பர், அத்துடன் நிற்பர். அவரது உழைப்பின் சுவையை உணர்த்த நாம் வேறோர் எண்ணைத் தேர்ந்தோம்: 67,46,32,83,88,800.

1914-இல் கடல் கடந்து கேம்பிரிட்ஜ் சென்ற இராமானுசன், மறு ஆண்டே இலண்டன் கணிதக் கழக வெளியீட்டில் மிகு பகு எண்களைப் பற்றி நீண்டதொரு கட்டுரை வரைந்தார். தனக்குச் சிறிய எந்த எண்ணைவிடவும் மிகுதியான வகுத்திகளை உடையதே மிகு பகு எண். 12-ஐ 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறும் மீதியின்றி வகுக்கும். அதற்குக் கீழ்ப்பட்ட எதற்கும் நான்கு வகுத்திகளுக்கு மேல் இல்லை. ஒரு நாளின் 24 மணியும், ஒரு மணியின் 60 நிமிடமும், வட்டத்தின் 360 பாகையும் இவ்வினத்தவையே.

அவர் தந்த பட்டியலின் இறுதி எண்ணே மேலே கண்டது. விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளோடு அமர்ந்து அதனை வகுத்துப் பார்த்தோம். 2 ஆறு முறை வகுத்தது. 3 நான்கு முறை. 5-உம் 7-உம் இவ்விரு முறை. 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை. பகா எண் பெரிதாகப் பெரிதாக, அது வரும் தடவை ஒருபோதும் கூடுவதில்லை. மிகு பகு எண்கள் அனைத்திற்கும் இவ்வொழுங்கு உண்டென அவர் நிறுவினார். ஒவ்வொரு தடவையோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் வகுத்திகளின் தொகை கிடைக்கும்: 7×5×3×3×2×2×2×2×2 = 10,080.

கணிப்பொறி இல்லாத நாளில் எழுந்த அப்பட்டியலில் ஓர் எண் விடுபட்டிருப்பதைப் பின்வந்தோர் கண்டனர். அது 2,93,31,86,25,600, அதன் வகுத்திகள் 5,040. அதனை 23-ஆல் பெருக்கச் சொன்னோம். பெருக்கி முடித்த பிள்ளைகள் வியந்து நிமிர்ந்தனர். விடை, பட்டியலின் இறுதி எண்ணேதான்! விடுபட்டது கடைசி எண்ணின் உள்ளேயே உறைந்திருக்கிறது.

இப்பேரெண்ணை 2 முதல் 28 வரை எந்த எண்ணாலும் மீதியின்றி வகுக்கலாம். ஒன்றே ஒன்றைக் கூட்டிவிட்டால், அவற்றுள் எதனாலும் வகுக்க இயலாது. பெரிதாயிருப்பது வேறு, பலர்க்கும் பகுத்தளிக்க வல்லதாயிருப்பது வேறு.

அன்பர்களே, இவ்வெண்ணை உங்கள் இல்லத்திலும் எழுதிக் கொடுங்கள். ‘ஏழால் வகு, பதின்மூன்றால் வகு’ என்று தமிழிலேயே சொல்லுங்கள். வீட்டில் ஒலிக்காத எண்ணுப் பெயர்கள் அடுத்த தலைமுறையின் நாவில் நிலைப்பதில்லை. வகுத்து முடிக்க ஒரு மாலைப்பொழுது போதும்.