ஒடுகத்தூருக்கு மேலே தண்ணீர்

பள்ளிகொண்டா பக்கம் பாலாற்றில் வந்து சேர்கிறது உத்திரகாவேரி. அகரம் ஆறு என்றும் பெயர். மழைக்காலம் போக மற்ற மாதங்களில் அங்கே மணலோடு மணல்தான் சேர்கிறது. சீமைக்கருவேலம் மண்டி, கரை எது, படுகை எது என்றே தெரிவதில்லை. தண்ணீரைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஓட்டத்துக்கு எதிராக, தெற்கே ஜவ்வாது மலையைப் பார்த்து நடக்க வேண்டும். ஒடுகத்தூர் வரை பேருந்தில் போய்விடலாம்தான். ஆனால் பாலாற்றைப் பார்த்துவிட்டுப் போகிறவருக்குத்தான் மேலே விழும் தண்ணீரின் விலை தெரியும்.

பாலாற்றின் நீளம் 348 கிலோமீட்டர். அதில் 222 தமிழ்நாட்டில். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று வரிசையாகத் தோல் ஊர்கள். ஒரு கிலோ தோலை முடிக்க 35 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு எழுதியது 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதியிட்ட உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. மாசு செய்தவரே விலை கொடுக்க வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய வழக்கு அது. தோல் கழிவால் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதையும் அது பதிவு செய்தது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் அதே ஆற்றுக்காக மறுபடி தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது.

ஆற்று மணலைக் காய்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது. பாலாற்றுப் படுகையில் முன்னோர் ஓட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. மணலைத் தோண்டி ஊற்றுக்கால் வெட்டி, அடியில் கசிந்து வரும் நீரைச் சரிவின் போக்கிலேயே வயலுக்குக் கொண்டுபோனார்கள். ஏற்றம் வேண்டாம், மாடு வேண்டாம். ஆண்டுதோறும் ஊர் கூடித் தூர்வாரினால் போதும். மணல் அள்ளி அள்ளிப் படுகை தாழ்ந்தது. ஆழ்துளைக் கிணறுகள் நீர்மட்டத்தைக் கீழே இழுத்தன. ஊற்றுக்கு வழியில்லாமல் போயிற்று. தோல் கழிவைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றி நாம் பேசுவதில்லை என்பது என் குறை.

ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தை. இந்தப் பக்கத்தில் ஆட்டை வெறும் கறியாக மட்டும் யாரும் பார்ப்பதில்லை. தோல் பதனிட முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் சரக்கு. இரண்டும் காடும் மேடும் கொடுத்தவை. 1970களில் மத்திய அரசு அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டு, முழுதாக முடித்த தோலை ஊக்குவித்தது. அந்நியச் செலாவணி கூடியது. பட்டைத் தொட்டியின் இடத்தைக் குரோம் உப்பு பிடித்தது. ஆவாரம்பூ இப்போது சாலையோரம் சும்மா பூத்துக் கிடக்கிறது.

ஒடுகத்தூருக்கு மேலே, மேலரசம்பட்டு ஊரைத் தாண்டினால் சமவெளி முடிந்துவிடும். காப்புக்காடு, வனத்துறையிடம் கேட்டுக்கொண்டுதான் நுழைய வேண்டும். இருபுறமும் மலை நெருங்கி வர, மணல் போய்ப் பாறை வருகிறது. பாறை இடுக்கில் முதலில் ஈரம், பிறகு குட்டை, அதற்கும் மேலே சலசலப்பு. ஐப்பசி, கார்த்திகையில் மழை தப்பாமல் பெய்திருந்தால் ஓடைகள் பாறைகளில் அருவியாக இறங்கும். குற்றாலத்தை மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர் ஏமாறுவார். பெயர்பெற்ற அருவி வேண்டுமென்றால் கிழக்கே அமிர்திக்குப் போகலாம். இங்கே கால் நனைக்கலாம், கையால் அள்ளலாம். அதற்கும் மேலே, பீஞ்சமந்தை போன்ற மலையூர்களில் மலையாளிப் பழங்குடியினர் சாமை விதைக்கிறார்கள்; அந்த நிலத்தில் விழும் மழைதான் ஓடையாகக் கீழே வருகிறது.

2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடி, கடலுக்குப் போனது. அப்படிப் போகும் தண்ணீரை மேலரசம்பட்டில் அணை கட்டித் தேக்க வேண்டும் என்ற கோரிக்கை பழையது, தேர்தல்தோறும் புதிதாகும். எனக்கு அமிர்திப் பக்கத்து நாகநதியில் கையாண்ட வழிதான் பிடித்திருக்கிறது. நூறு நாள் வேலைப் பெண்கள் ஓடைகளில் கல் தடுப்புகள் கட்டினார்கள், மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் கிணறுகளை அமைத்தார்கள். அப்படிச் செய்தால் தண்ணீர் மணலுக்கு அடியில்தான் போகும், திறப்பு விழாவுக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. அணை கேட்பவர்களுக்கு அதுதான் சங்கடம்.