கீபோர்டு யார் பக்கம்

அக்டோபர் 7, செவ்வாய்
பைத்தான் லேப். இன்றும் கீபோர்டு என் லேப் பார்ட்னர் பக்கம். நான் அப்சர்வேஷன் நோட்டை விரித்து வைத்துத் தலையாட்டினேன். அவுட்புட் வந்தது. மேடம் கையெழுத்துப் போட்டார். புரிந்த மாதிரிதான் இருந்தது. கழுத்து வலி.

அக்டோபர் 8
அதே ப்ரோகிராமை ஹாஸ்டலில் தனியாக. அரை மணி போதும் என்று நினைத்தேன். இரண்டரை மணி. 5-ஐயும் 5-ஐயும் கூட்டினால் 55 வருகிறது. இன்புட்டில் வாங்குவதெல்லாம் ஸ்ட்ரிங், இன்ட் போட்டு மாற்ற வேண்டும். நேற்று என் கண் முன்னால்தான் அவள் அடித்தாள். எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன்? மெஸ் மூடிவிட்டார்கள். பசி.

அக்டோபர் 9
நானும் அடிக்கிறேன் என்று அவளிடம் கேட்க வேண்டும். கேட்கவில்லை.

அக்டோபர் 13, திங்கள்
வாட்ஸ்அப் குரூப்பில் பைனரி சர்ச் கோடு வந்தது. பார்க்க மாட்டேன் என்றிருந்தேன். பார்த்தேன். ரெக்கார்டிலும் எழுதிவிட்டேன். தூக்கம் வரவில்லை.

அக்டோபர் 14
கேட்டுவிட்டேன். "இன்னைக்கு நான் அடிக்கிறேன்டி." உடனே நகர்ந்து உட்கார்ந்தாள். இவ்வளவுதானா!

குரூப் கோடு வேண்டாம், நாமே எழுதுவோம் என்றேன். விரல் நடுக்கம். கோலன் விட்டுப்போனது, அவள் கை நீட்டினாள், தள்ளிவிட்டேன். ரன் கொடுத்தால் அப்படியே நிற்கிறது. முடியவே இல்லை. "பேப்பர்ல போட்டுப் பாருங்கம்மா" என்று மேடம் போய்விட்டார்.

3, 8, 12, 19, 25. தேடுவது 25. லோ 0, ஹை 4, மிட் 2. லோ 2, மிட் 3. லோ 3, மிட் 3. மறுபடி லோ 3, மிட் 3. பென்சில் நின்றது. லோ நகரவே இல்லை! மிட்டோடு ஒன்று கூட்டி லோவில் போட வேண்டும்.

அது ஏன் என்று அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை. "ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணினதுடி" என்றாள், மெதுவாக. இத்தனை நாள் அவளைப் பார்த்துப் பயந்திருக்கிறேன்.

அக்டோபர் 16
சண்டை. நான் மெதுவாம். அழுகை வந்தது. பிறகு கேன்டீனில் பேசி முடிவு: ஒரு ப்ரோகிராம் அவள், ஒன்று நான். அடிக்காதவள் கையில் பென்சில். "சும்மா தலையாட்டாதே, புரியலன்னா நிறுத்து" என்றாள். அவளும் நிறுத்த வேண்டும் என்றேன். வடை சூடு.

அக்டோபர் 17
ரெக்கார்டில் குரூப் கோடு எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். கை வலி, பரவாயில்லை.

நாளை தீபாவளிக்கு ஊர். அடுத்த ப்ரோகிராமான செலக்‌ஷன் சார்ட்டை பஸ்ஸிலேயே பென்சிலால் போட்டுப் பார்க்க வேண்டும். அரை மணி என்று எழுதினேன். அடித்துவிட்டு இரண்டு மணி என்று எழுதினேன்.