கால் சுற்று

பழைய வண்டியின் சத்தங்களைக் கேட்டே பாதி நோயைச் சொல்லிவிடலாம். மேடு பள்ளத்தில் மட்டும் கடகடத்தால் பெரும்பாலும் ஷாக் அப்சார்பரின் ரப்பர் போயிருக்கும். வேகம் கூடக்கூட முனகல் ஏறினால் பேரிங்கைப் பார்க்க வேண்டும். ஆனால், சமமான ரோட்டிலும் கிளட்ச்சை விடும்போது ஒரு 'டொக்', பிரேக்கை மிதிக்கும்போது இன்னொரு 'டொக்' என்று வந்தால், அடியில் ஏதோ ஒன்று முன்னும் பின்னும் நகர்கிறது என்று பொருள். நகரவே கூடாத ஒன்று.

அப்பாவின் ஹைலக்ஸில் வந்தது இந்த மூன்றாவது ரகம்.

தொண்ணூறுகளில் வந்த வண்டி அது. ஜொகூரில் ரெங்கம், லயாங் லயாங் பக்கம் போனால் இன்றும் இப்படிப்பட்டவற்றைப் பார்க்கலாம். பெயின்ட் வெளுத்து, பின்தொட்டியில் செம்மண் அப்பி, செம்பனைக் குலைகளோடு போய்க்கொண்டிருக்கும். அப்பாவுக்கு ஐந்து ஏக்கர் செம்பனை. வெட்டிய குலையை ஒரு நாளுக்குள் ஆலையில் சேர்த்துவிட வேண்டும். தாமதமாகத் தாமதமாக எண்ணெயில் அமிலம் கூடும், தரம் இறங்கும். அதனால் வெட்டு நாளில் வண்டி படுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே நடையில் முடித்துவிடலாம் என்று தொட்டிக்கு மேலும் அடுக்குவார்கள். வண்டி பின்னால் குந்தி, முன்விளக்கு மரத்தைப் பார்க்கும். அதே வண்டியில்தான் வெள்ளிக்கிழமை அம்மா கோயிலுக்குப் போவார்.

சத்தத்துக்காக இரண்டு பட்டறைகளுக்குப் போய்வந்தாயிற்று. இரண்டிலும் காற்றுத் துப்பாக்கியை வைத்து 'டர்ர்' என்று ஒரு பிடி. சத்தம் நின்றது. ஒரு மாதத்தில் திரும்பவும் வந்தது. "பழைய வண்டிண்ணா அப்படித்தான்லா" என்றார்கள். அப்பாவும் அதை ஏற்றுக்கொண்டார். வானொலியின் சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டிவைத்துக்கொண்டார்.

குளுவாங்கில் ஒரு பெரியவரைப் பற்றிச் சொன்னார்கள். சிறுவயதில் தோட்டத்துப் பட்டறையில் ஃபிட்டருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துத் தொழில் கற்றவர். தோட்டம் கைமாறியபிறகு டவுனுக்கு வந்து, ஒரு தகரக் கொட்டகையில் லோரிகளுக்கு ஸ்பிரிங் வேலை பார்க்கிறார். அப்பாவை நான்தான் வற்புறுத்தி அழைத்துப்போனேன்.

அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. என்னை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து, முன் கியர், ரிவர்ஸ், முன் கியர் என்று மாற்றச்சொன்னார். பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு டார்ச் அடித்துக் கீழே பார்த்தார்.

"தம்பி, எறங்கி வந்து பாருங்க."

வண்டியின் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். அதன் முன்முனை சேஸியோடு ஒரு பிராக்கெட்டில் பிடித்திருக்கும். பின்முனை ஆடும் ஷேக்களில் தொங்கும். பாரம் ஏறும்போது பட்டை தட்டையாகி நீளும். அந்த நீளத்தை ஷேக்கள் வாங்கிக்கொள்ளும். ஆனால் முன்முனை அசையக் கூடாது. சக்கரத்தின் தள்ளலும் பிரேக்கின் இழுப்பும் அதன் வழியாகத்தான் சேஸிக்குப் போகின்றன. அது அசைந்தால் அச்சு கோணும். அச்சு கோணினால் வண்டி பின்னாலிருந்து தானே திரும்பும். ஸ்டியரிங் பிடித்திருப்பவருக்கு அதில் ஒன்றும் செய்வதற்கில்லை.

எங்கள் வண்டியில் எப்போதோ துருப்பிடித்த அந்த பிராக்கெட்டை யாரோ மாற்றி நான்கு போல்ட்டுகளால் பூட்டியிருந்தார்கள். ஒரு போல்ட்டின் தலையைச் சுற்றி உலோகம் புதிதாகப் பளபளத்தது. அதற்குக் கீழே செங்கல் பொடிபோல ஒரு கறை வழிந்திருந்தது.

"இது மண்ணு இல்ல. இரும்பு இரும்போட உரசி வந்த மாவு. இத டைட் பண்ணி என்னா புண்ணியம்? அவுத்துப் பாக்கணும்."

அவிழ்த்தபோது வட்டமாக இருக்கவேண்டிய துளை முட்டை வடிவத்தில் இருந்தது. போல்ட்டின் தலையில் 4.8 என்று பொறித்திருந்தது. இந்த எண்கள் அலங்காரமல்ல. முதல் எண்ணை நூறால் பெருக்கினால், அறுவதற்கு முன் அந்த எஃகு தாங்கும் இழுவிசை மெகாபாஸ்கலில் வரும். இரண்டாவது எண், அதில் எத்தனை பங்கு வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்பதைச் சொல்கிறது. 4.8 என்றால் 400, அதில் பத்துக்கு எட்டுப் பங்கு. 8.8 என்றால் 800. சேஸியில் இருந்தது, வேலிக் கதவுக்குப் போடுகிற ரகம்.

போல்ட்டு என்பது துளைக்குள் செருகிய ஆணி என்றுதான் நானும் பலரைப்போல நினைத்திருந்தேன். உண்மையில் அது ஓர் இழுத்துக் கட்டிய ஸ்பிரிங். முறுக்கும்போது மயிரிழை அளவு நீள்கிறது. சுருங்கப் பார்க்கும் அந்த இழுப்புதான் இரண்டு தகடுகளையும் அழுத்திப் பிடிக்கிறது. பாரத்தைத் தாங்குவது தகடுகளுக்கு நடுவே உள்ள உராய்வு. முறுக்கும் விசையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அந்த இழுப்பாக மாறுகிறது. மீதியை மரையின் உராய்வும் தலையின் உராய்வும் தின்றுவிடுகின்றன. மரையில் துரு இருந்தால் அந்த ஒரு பங்கும் குறையும். கைக்கு இறுக்கமாகத் தெரியும், உள்ளே பிடி இருக்காது.

கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1969-ல் இதைச் சோதனையில் காட்டினார். போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிட, தகடுகள் பக்கவாட்டில் வழுக்குவதுதான் நட்டைத் தளர்த்துகிறது. ஒருமுறை வழுக்கல் தொடங்கிவிட்டால் மரையின் பிடி விட்டுப்போய் நட்டு தானாகவே திரும்பும். இதைத் தடுக்கும் என்று நாம் நம்பும் ஸ்பிரிங் வாஷர் அங்கே பெரிதாக உதவுவதில்லை. எங்கள் வண்டியில் இரண்டு பட்டறைகளும் வழுக்கிக்கொண்டிருந்த ஒன்றைத்தான் மறுபடி மறுபடி இறுக்கியிருக்கின்றன.

பெரியவர் யுங்கரைப் படித்தவரல்ல. ஆனால் செய்தது அத்தனையும் அந்தச் சோதனை சொல்வதைத்தான். தகடுகளுக்கு நடுவே இருந்த துருவையும் பெயின்ட்டையும் சுரண்டி எடுத்தார். 12 மில்லி துளைகளை 14 மில்லிக்குச் சீவி வட்டமாக்கினார். நான்கையுமே மாற்றினார், 10.9 போட்டார். பின்பக்கம் தடித்த தகடு கொடுத்தார். காற்றுத் துப்பாக்கியை எடுக்காமல் கையால், டார்க் ரெஞ்ச்சில், எதிரெதிர் மூலையாக மூன்று சுற்றில் இறுக்கினார். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டை மட்டும், வண்டியை ஜேக்கிலிருந்து இறக்கிச் சக்கரம் தரையில் நின்றபிறகு இறுக்கினார். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து கிழியுமாம். கடைசியில் டேப் பிடித்து இரண்டு பக்கமும் அச்சு ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று அளந்தார்.

பிறகு மஞ்சள் பெயின்ட்டைத் தொட்டு, ஒவ்வொரு நட்டிலிருந்தும் தகடு வரை ஒரு கோடு போட்டார்.

"கோடு ஒடஞ்சா நட்டு திரும்பிருச்சுன்னு அர்த்தம். ஐநூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்கண்ணே. மறுபடி பாக்கணும். காசு வேணாம்."

"சத்தந்தான் போயிருச்சே தம்பி. எதுக்கு இன்னொரு நாளு?" என்றார் அப்பா.

"சத்தம் வந்தப்பறம் பாக்கறதுக்கு நான் எதுக்கு?"

அப்பா கேட்டதிலும் நியாயம் இருந்தது. குளுவாங் போய்வர ஒரு நாள் என்றால் அந்த நாளின் வேலை போகிறது. இலவசம் என்றாலும் அது இலவசமில்லை. மறுபடி பார்ப்பது என்கிற வேலைக்கு எந்த ரசீதும் கிடையாது. அதனால்தான் அது முதலில் கைவிடப்படுகிறது. மலேசியாவில் லோரி, பஸ் போன்ற வணிக வண்டிகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை உண்டு. சொந்த வண்டிக்கு அப்படியொரு கெடு இல்லை. அடியில் குனிந்து பார்க்கிற ஆள் இருந்தால் உண்டு.

அப்படிப் பார்க்கும் ஆளும் முறையும் தவறினால் என்ன ஆகும் என்பதற்குச் செம்மண் ரோட்டிலேயே நிற்க வேண்டியதில்லை. 2002 மே 10-ல் இங்கிலாந்தில், பாட்டர்ஸ் பார் நிலையத்தருகே ரயில் தடம்புரண்டு ஏழு பேர் இறந்தார்கள். தண்டவாளம் பிரியும் இடத்தில் நட்டுகள் தளர்ந்து கிடந்ததும் பராமரிப்பு மோசமாக இருந்ததும் விசாரணையில் தெரிந்தன. அத்தனை பெரிய ரயில்வேயிலும், ஸ்பேனரோடு ஒருவர் குனிய வேண்டிய இடம் அது.

பெரியவரிடம் இப்போது உதவிக்குப் பையன் இல்லை. கடைசியாக இருந்தவன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அதிகாலையில் பாலம் தாண்டி, இரவில் திரும்புகிறானாம். "நல்ல பையன். கை சுத்தம். சம்பளம் அங்கதானே" என்றார். குறையாகச் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து அப்பாவே வண்டியை எடுத்தார். நானும் கூடப் போனேன். நான்கில் மூன்று கோடுகள் நேராக இருந்தன. ஒன்று மட்டும் ஒரு நூல் அளவு விலகியிருந்தது. சுரண்டிய மேற்பரப்புகள் பாரத்தில் அமர்ந்து படியும்போது முதலில் இப்படிக் கொஞ்சம் விடும் என்றார் பெரியவர். ரெஞ்ச்சை வைத்தார். கால் சுற்றுகூட இல்லை, 'டிக்' என்றது. பழைய கோட்டைத் துடைத்துப் புதுக்கோடு போட்டார்.

அப்பா டார்ச்சை வாங்கி அந்த நான்கையும் தானே ஒருமுறை பார்த்தார்.

"ரெண்டு நடையா ஏத்துங்கண்ணே" என்றார் பெரியவர்.

அப்பா பதில் சொல்லவில்லை. அடுத்த வெட்டில் இரண்டு நடையாகத்தான் ஏற்றினார். டீசல் கூடுதலாகப் போகிறது என்று அன்று ராத்திரி முழுக்க அம்மாவிடம் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.