பத்து பிக்சல்

பெங்களூரில், விண்கலக் கேமராக்களுக்கு ஒளியியல் பாகங்கள் செய்யும் கூடமொன்றில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். முதல் வாரம், பயிற்சியளித்த மேடம் என் கையில் எந்தக் கருவியையும் தரவில்லை. ஒரு தாளில் சில எண்களைத்தான் எழுதிக் கொடுத்தார். 2005-இல் நாசா செவ்வாய்க்கு அனுப்பிய விண்கலத்தின் ஹைரைஸ் கேமரா: ஆடியின் விட்டம் 50 செ.மீ., சுற்றும் உயரம் 300 கி.மீ., ஒரு பிக்சலுக்குத் தரையில் 30 செ.மீ. "இத நீயே மொதல்லேர்ந்து போட்டுப் பாரு."

ஆடிக் கணக்கு ஒரே நாளில் முடிந்தது. வெளிச்சத்தில்தான் மாட்டிக்கொண்டேன். கலத்துக்குக் கீழே தரை நொடிக்கு 3 கி.மீ.க்கு மேல் ஓடுகிறது. 30 செ.மீ. கடக்க நூறு மைக்ரோநொடிகூட ஆகாது. செவ்வாயில் வெயிலும் இங்கு அடிப்பதில் பாதிக்குக் குறைவு. அதற்குள் சேரும் ஒளி போதவில்லை.

"கான்கிரீட் போடுற அன்னிக்கு சட்டி கைமாத்துறதப் பாத்திருக்கியா? ஒவ்வொருத்தரும் ஒரு கரண்டி போட்டு அடுத்தவர்கிட்ட குடுக்குறதா நெனச்சுக்கோ" என்றார். உணரியில் 128 வரிசைகள். பிம்பம் நகரும் அதே வேகத்தில் மின்னூட்டமும் வரிசை மாறிக்கொண்டே போக, ஒரே இடத்தின் ஒளி 128 முறை சேர்கிறது. இதைவிட அழகான உத்தியை இன்றுவரை நான் கண்டதில்லை.

சந்தோஷமாகக் கணக்கை நீட்டினேன். அவர் கிராஃப் தாளில் பென்சிலை நேராக இழுத்துக்கொண்டே, இடது கையால் தாளை மெல்லப் பக்கவாட்டில் நகர்த்தினார். கோடு சாய்ந்தது. "செவ்வாய் சும்மாவா நிக்குது தம்பி? அதுவும் சுத்துதில்ல?"

செவ்வாயின் நடுக்கோட்டில் தரை நொடிக்குச் சுமார் 240 மீட்டர் கிழக்கே போகிறது. துருவங்களை ஒட்டிச் சுற்றும் கலத்துக்கு அது நான்கு டிகிரிக்கு மேற்பட்ட சாய்வு. 128 வரிசை கடப்பதற்குள் பிம்பம் ஏறக்குறைய பத்து பிக்சல் விலகி, பாறை கோடாகிவிடும். ஒரு பிக்சலுக்குள் அடங்க வேண்டுமென்றால் சாய்வு அரை டிகிரிக்கும் கீழே இருந்தாக வேண்டும். அதற்குப் படமெடுக்கும்போது விண்கலமே உடலைத் திருப்பிக்கொள்ள வேண்டும். கேமராவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த நான் கோளை மறந்திருந்தேன்.

கேமராவின் கரி இழைச் சட்டகம் காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கும், விண்ணில் காய்ந்து சுருங்கும், குவியம் தள்ளிப்போகும் என்பதெல்லாம் பிறகு கற்றது.

மூன்றாம் மாதம் உருளைச் சோதனை: ஓடும் தரைக்குப் பதிலாக உணரியின் முன் ஓர் உருளை சுழலும். சுழலும் திசையிலேயே ஓடும் கறுப்பு வெள்ளைக் கோடுகளை உருளையில் ஒட்டியிருந்தோம். திரையில் வெறும் சாம்பல். உணரியின் சாய்வைச் சரிசெய்ய, அதன் தாங்கியின் திருகை ஓர் அளவுக்கோடு திருப்பினேன். இன்னோர் அளவுக்கோடு. சாம்பலுக்குள்ளிருந்து மெல்லிய கறுப்பு பிரிந்தது, பக்கத்திலேயே வெள்ளை.

"போதும்" என்றார் மேடம். திருகிலிருந்து கையை எடுக்க மனமே வரவில்லை.