தாய் எங்கே?



கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்தபின் ஒரு குடும்பத்தார் என்னிடம் வந்தனர். பிள்ளைகள் ஜாதி நாய்க்குட்டி கேட்கிறார்கள், எங்கே வாங்கலாம் என்று விசாரித்தனர். நான் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. என் வீட்டில் நடந்ததைச் சொன்னேன். அதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மகளின் பிறந்தநாளுக்காக ஒரு லேப்ரடார் குட்டி வாங்கினேன். கைபேசியில் படம் பார்த்து விலை பேசினேன். விற்றவர் தம் இடத்துக்கு என்னை அழைக்கவில்லை. கோவையில் ஒரு சாலையோரத்தில், காரிலிருந்த அட்டைப் பெட்டியைத் திறந்து குட்டியை எடுத்துக் கொடுத்தார். 45 நாள் ஆயிற்று என்றார், நம்பினேன். மறுநாள் கால்நடை மருத்துவர் அதன் வாயைத் திறந்து பார்த்து, "பால்பல்லே இப்போதுதான் முளைக்கிறது; 30 நாள்கூட ஆகியிராது" என்றார். நான்காம் நாள் வாந்தியும் இரத்தக் கழிச்சலும் கண்டன. பார்வோ நோய். ஏழாம் நாள் விடியற்காலையில் அது இறந்துபோயிற்று.

கொய்யா மரத்தடியில் குழி தோண்டுகையில் மகள் கேட்டாள்: "அப்பா, இதோட அம்மா எங்கே இருக்கு?" எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியை நான் ஒருமுறையேனும் கேட்டிருக்கவில்லை.

வெள்ளகோவில் பக்கத்து விவசாயியான நம் சபை மூப்பர் ஒருவர் இதைக் கேட்டு வருந்தினார். ஆண்டுதோறும் கண்ணபுரம் சந்தைக்குச் சென்று காங்கேயம் மாடு பிடிப்பவர் அவர். "ஐயா, கன்னு புடிக்கறதுன்னா தாய் மாட்டை விசாரிக்காமப் புடிப்பமுங்களா?" என்றார். நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை என்று வழிவழியாகச் சொல்லிவரும் மண்ணில் வாழ்ந்தும், நான் அதை மறந்திருந்தேன்.

லேவியராகமம் 22-ஆம் அதிகாரத்தில், பிறந்த கன்றும் ஆட்டுக்குட்டியும் ஏழு நாள் தாயோடு இருக்க வேண்டும் என்று கர்த்தர் கட்டளையிடுகிறார். பலிக்குரிய குட்டியையும் அந்த நாள் நிறையுமுன் பிரிக்கலாகாது. நம் நாட்டுச் சட்டமும் இதற்கு ஒத்ததையே சொல்லுகிறது. 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகளின்படி, எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது. 18 மாதம் நிறையாத பெண்நாயை இனச்சேர்க்கைக்கு விடலாகாது. ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது. வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது. வளர்ப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். விற்பவர்கள் வழக்கமாய்ச் சொல்லும் 45 நாள் உண்மையாகவே இருந்தாலும் போதாது. கடிக்கும் வேகத்தை அடக்கக் குட்டி கற்றுக்கொள்வது தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும்தான்.

இரண்டு ஆண்டுகள் கழித்து மகள் மறுபடியும் கேட்டாள். இம்முறை இராஜபாளையத்தில் நாட்டு நாய் வளர்க்கும் ஒருவரைத் தேடிச் சென்றோம். தாய் எங்கள் முன் வந்து நின்றது. அஞ்சவில்லை, விலா எலும்பு துருத்தவில்லை. வெண்ணிறமான அந்த இனத்தில் சில குட்டிகள் செவிடாய்ப் பிறப்பதுண்டு. அதை அவரே சொல்லி, ஒவ்வொரு குட்டியின் பின்னாலும் கைதட்டிக் காட்டினார். ஒன்று திரும்பவில்லை. "இதை விக்கமாட்டேன், நானே வச்சுக்குவேன்" என்றார். பின்பு எங்களைக் கேள்வி கேட்டார்: வீட்டில் எவ்வளவு இடம் உண்டு, பகலில் யார் இருப்பார்கள், ஓடவிடுவீர்களா? எட்டு வாரம் நிறைந்தபின் வரச்சொல்லி வெறுங்கையோடு அனுப்பினார். முடியாமற்போனால் வேறெவருக்கும் கொடாமல் தம்மிடமே திருப்பித் தரவேண்டும் என்றும் வாக்கு வாங்கினார்.

பிரியமானவர்களே, முதற்குட்டியைக் கொன்றது நோய் மாத்திரமல்ல, என் அவசரமும்தான். நான் கொடுத்த பணம், எங்கோ கூண்டிலிருந்த ஒரு தாயை அடுத்த ஈற்றுக்கு அனுப்பியிருக்கும். ஆகையால் குட்டியின் விலையைக் கேட்குமுன் தாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுப்பவரிடம் வாங்காதிருங்கள், பரிதாபப்பட்டும் வாங்காதிருங்கள். உங்களைக் கேள்வி கேட்பவரைக் கண்டால் கோபப்படாமல் காத்திருங்கள்.

நம் கையில் ஒப்புவிக்கப்பட்ட வாயில்லா ஜீவன்களுக்காகக் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர்கள் நாம். அதற்கேற்ற கவனமுள்ள இருதயத்தைக் கர்த்தர்தாமே நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.