ரேகை தேய்ந்த விரல்

மார்ச் 20, 2025, வியாழன்

பள்ளி விட்டு வந்தால் வீடு பூட்டிக் கிடந்தது. என் வீட்டுக்காரர் ரிடையர் ஆன இந்த மூன்று வருடத்தில் நான் வரும் நேரத்துக்குக் கதவு சாத்தியிருந்ததே கிடையாது. சாவி பக்கத்து வீட்டில் இருந்தது. "சார் முல்லைத்தோட்டம் போயிருக்காரு டீச்சர். மெட்ரோ ஓடுதாம்" என்றாள் அந்த வீட்டுப் பெண்.

இருட்டின பிறகு வந்தார். சட்டை முழுக்க டிரங்க் ரோட்டுப் புழுதி, முகத்தில் மட்டும் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட களை. பூந்தமல்லியிலிருந்து முல்லைத்தோட்டம் வரைக்கும் இன்றைக்குச் சோதனை ஓட்டம். ஸ்ரீசிட்டியில் செய்த மூன்று பெட்டி ரயில், டிரைவர் கிடையாது. கலங்கரை விளக்கம் வரை போகப்போகும் 26 கிலோமீட்டர் பாதையில் இன்றைக்கு ஓடியது ஒரு துண்டுதான். எங்கள் கரையான்சாவடிக்கு ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே நின்றுவிட்டது. "ஆளே இல்லாம ஓட்டப் போறாங்க டீச்சர்!" என்று மூன்று தடவை சொன்னார்.

ஆளில்லாத மிஷின் இவருக்கு ஒன்றும் புதிதில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்த லேத்துக்காரர். வானகரம், அயனம்பாக்கம், அத்திப்பட்டு என்று முதலில் சைக்கிள், அப்புறம் டிவிஎஸ். கம்பெனிக்கு முதல் சிஎன்சி வந்த அன்றைக்கு ராத்திரி சாப்பிடாமல் படுத்தது எனக்கு நினைவிருக்கிறது. "புரோகிராம் போட்டுட்டா அது பாட்டுக்குக் கடையுது. பையன் பக்கத்துல நின்னு போன் பாக்கறான்" என்றார். அதற்குப் பிறகு டூல் ரூம், கடைசியில் இன்ஸ்பெக்‌ஷன். எந்த மிஷின் இவரை ஓரமாக நகர்த்தியதோ அதற்கே டூல் தீட்டிக் கொடுத்தார். அன்றைக்கு அப்படிப் படுத்தவர், இன்றைக்கு டிரைவர் இல்லாத ரயிலைப் பார்க்கத் தூணடியில் நின்று புழுதி குடித்துவிட்டு வருகிறார். கோபம் எந்த வருடத்தில் இறங்கியது என்று கேட்க நினைத்தேன். ரசம் கொதித்துவிட்டது, கேட்கவில்லை.

ரசம் வைத்தது அவர்தான். காலையிலேயே பருப்புத் தண்ணி எடுத்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

மார்ச் 22, சனி

இன்றைக்குப் பெரிய சண்டை. புளியால் வந்தது.

முப்பது வருடமாகப் புளி ஜாடி அடுப்புக்கு இடது கைப் பக்கம், உப்பு ஜாடிக்குப் பின்னால் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். காலையில் கையை விட்டால் அங்கே கடுகு. நிமிர்ந்து பார்த்தால் அலமாரி முழுக்கச் சீட்டு ஒட்டியிருக்கிறது. ஏ-1 துவரம் பருப்பு, ஏ-2 பயத்தம் பருப்பு, பி-3 மிளகு. புளி சி-4. டூல் ரூமில் டிரில் பிட்டெல்லாம் அளவுப்படி அடுக்கி வைப்பார்களாம், தேட வேண்டியதில்லையாம்.

"நான் எப்ப தேடினேன்? இப்பதான் தேடறேன்" என்றேன்.

"சமைக்கறது யாரு?" என்றார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அதனால்தான் அவ்வளவு கத்தினேன். வருடக்கணக்காக, பள்ளிக்கும் போய் அடுப்படியிலும் வேகிறேனே, ஒரு கை கொடுக்க ஆளில்லையே என்று புலம்பியவள் நான். கை கொடுக்க ஆள் வந்ததும் அடுப்படி என்னுடையது என்று நிற்கிறேன். அவர் பீன்ஸ் நறுக்கினால் எல்லாத் துண்டும் ஒரே நீளம். வெர்னியர் வைத்துப் பார்த்தாலும் அரை மில்லிமீட்டர் பிசகாது. அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக வரும். ரசம் என்னுடையதைவிட நன்றாகவே இருக்கிறது. இதை இங்கே மட்டும்தான் எழுதுவேன்.

சாயங்காலம் கோபம் ஆறி, எது எங்கே இருக்கிறது என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். கீழ்த்தட்டில் கடைசியாக என் பழைய உளுந்து டப்பா. அதில் உளுந்து இருந்து பத்து வருடம் ஆகிறது. உள்ளே என் ரகசியப் பணம், ஏழாயிரத்துச் சொச்சம். திறந்து எண்ணினேன். குறையவில்லை. மூடியில் சீட்டு: "டீச்சர். தொடக்கூடாது."

அவரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பணத்தை வேறு எங்கே மாற்றி வைப்பது என்றுதான் யோசனை.

மார்ச் 25, செவ்வாய்

இவருடைய பி.எஃப். பென்ஷனுக்கு வருடா வருடம் ஆயுள் சான்று கொடுக்க வேண்டும். உயிரோடு இருக்கிறேன் என்று ஆதாரும் கைரேகையும் வைத்துச் சொல்ல வேண்டும். பென்ஷன் என்று பெரிதாகச் சொல்கிறேன், மாதம் நாலாயிரம்கூட இல்லை. 2014 செப்டம்பருக்கு முன்னால் 6,500 ரூபாய், அதற்குப் பிறகு 15,000 ரூபாய் என்று உச்சவரம்பு கட்டி, கையில் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் கணக்கு அதற்குள்தான். சம்பளத்தைப் பணி வருடத்தால் பெருக்கி எழுபதால் வகுக்கும் அந்தச் சூத்திரத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காகிதத்தில் போட்டுக் காட்டினார். விடை வந்ததும் பென்சிலை மேஜைமேல் வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

நான் 2003 ஏப்ரலுக்கு முன்னால் வேலையில் சேர்ந்தவள், பழைய ஓய்வூதியம் வரும். 58 வயதில் வீட்டுக்கு வர வேண்டியவளை, 2020 மே மாதம் ஒரு உத்தரவு 59 ஆக்கியது, மறு வருடம் பிப்ரவரியில் 60 ஆனது. ஆக 2028 வரைக்கும் எனக்கு மணியடிக்கும். இந்த வித்தியாசத்தை நாங்கள் இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டது கிடையாது. மளிகைச் சீட்டு மட்டும் இப்போது என் பையில் இருக்கிறது.

சாயங்காலம் சேவை மையத்துக்கு இரண்டு பேருமாகப் போனோம். கட்டை விரலை வைத்தார், எடுக்கவில்லை. துணியால் துடைத்து வைத்தார், எடுக்கவில்லை. "தலையில தேய்ச்சிட்டு வைங்க சார், எண்ணெய்ப் பசைக்குச் சிலருக்கு எடுக்கும்" என்றாள் அந்தப் பெண். பாவம், பொறுமையான பெண். தலையில் தேய்க்க முடியும்தான், முடி இருந்தால். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாயிற்று. ரேகை இருந்தால்தானே. லேத்தில் ஜாப் சூடேறாமல் ஊற்றுகிற பால் நிறக் கூலன்ட், இரும்புப் பிசிறு, எமரித் தாள் எல்லாம் முப்பத்தாறு வருடத்தில் வழித்து எடுத்துவிட்டன. கொத்தனார், சலவைக்காரர், பாத்திரம் தேய்க்கிற அம்மா இவர்களுக்கெல்லாம் இப்படித்தான் ஆகும் என்று அந்தப் பெண் சமாதானம் சொன்னாள். இவர் கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

முகத்தைக் காட்டியே பதிவு செய்யும் வழி போனில் இருக்கிறது, இப்போது சில வருடமாக. வீட்டுக்கு வந்து நானே அதற்கு வேண்டிய இரண்டு செயலியையும் இறக்கினேன். டியூப் லைட்டுக்கு நேராக நாற்காலியைப் போட்டு அவரை உட்கார வைத்தேன். வட்டத்துக்குள் முகம் வர வேண்டும், கண்ணைச் சிமிட்ட வேண்டும். அவர் இரண்டு கண்ணையும் விரித்துக்கொண்டு, ஆதார் அட்டையில் இருக்கிற மாதிரியே உறைந்து உட்கார்ந்திருக்கிறார்.

"சிமிட்டுங்க."

"சிமிட்டிட்டேனே."

"எனக்குத் தெரியலியே. போனுக்கு எப்படித் தெரியும்? இன்னொரு வாட்டி."

சிமிட்டினார். பச்சையாக வந்தது. கல்யாணமான முப்பத்திரண்டு வருடத்தில் இந்த மனிதர் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டியது இதுதான் முதல் தடவை. அதுவும் மத்திய அரசுக்காக.

மார்ச் 30, ஞாயிறு

திருமழிசைக்குப் போய்விட்டு வந்தோம். என் பள்ளிக்கூடம் அந்தப் பக்கம்தான். ஜெகந்நாதப் பெருமாள் கோயிலுக்கு மட்டும் வருடத்துக்கு ஒரு முறை போனால் அதிகம்.

பிராகாரத்தில் உட்கார்ந்திருந்தபோது இவருக்கு அந்த ஊர் ஆழ்வார் கதையைச் சொன்னேன். வகுப்பில் சொல்லிச் சொல்லிப் பழகிய கதை. காஞ்சியில் ஆழ்வார் தங்கின இடத்தைப் பெருக்கி மெழுகிய ஒரு கிழவி. என்ன வேண்டும் என்று கேட்கிறார், மறுபடியும் இளமை வேண்டும் என்கிறாள், கிடைக்கிறது. பல்லவ ராஜா பார்க்கிறான், கல்யாணம் செய்துகொள்கிறான். வருடம் போகப் போக ராஜாவுக்கு நரை விழுகிறது, அவளுக்கு விழவில்லை. எனக்கும் இளமை வாங்கித் தா என்று ஆழ்வாரின் சீடர் கணிகண்ணனைப் பிடிக்கிறான். அவர் மறுக்க, ஊரைவிட்டுப் போ என்கிறான். சீடர் போனால் ஆழ்வார் போகிறார், ஆழ்வார் போனால் பெருமாள் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போகிறார். ராஜா ஓடிவந்து மன்னிப்புக் கேட்டதும் எல்லாரும் திரும்பி வருகிறார்கள்.

பிள்ளைகளுக்குப் பாம்புப் படுக்கை வந்ததும் கதை ருசிக்கும். எனக்கு இப்போதெல்லாம் அந்தப் பெண் ஞாபகமாகவே இருக்கிறது. எல்லாரும் திரும்பி வந்த பிறகு அவள் என்ன ஆனாள் என்று நான் கேட்ட வரைக்கும் யாரும் சொன்னதில்லை. கிழவியாக ஒரு தடவை வாழ்ந்து முடித்தவள். எதிரே ஒருவன் நாளுக்கு நாள் தளர்கிறான், இவளுக்கு முட்டிகூட வலிக்கவில்லை. பேச ஆள் ஏது?

இவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ராஜா அவரை எதுக்குத் தொல்லை பண்ணணும்? அந்தம்மா திரும்ப வயசாகணும்னு கேட்டிருந்தா வேலை முடிஞ்சுது" என்றார். "வண்டிக்குச் செயின் தேஞ்சா செயினை மட்டும் மாத்தக் கூடாது. பழைய பல்சக்கரத்துல புதுச் செயின் உக்காராது, தாவும். தேயறதுன்னா ரெண்டும் சேந்து தேயணும்."

"அப்ப நான் செயினா, பல்சக்கரமா?"

"சத்தம் போடறது செயின்தான்."

பக்கத்தில் பிரசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்துவிட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

ராத்திரி இரண்டு மணி. தூக்கம் வரவில்லை. இவர் எழுந்து பாத்ரூம் போவது இது மூன்றாவது தடவை.

அன்றைக்குச் சொன்ன செயின் கதை கேட்க நன்றாக இருந்தது. உண்மையில்லை. எனக்கு மாதவிலக்கு நிற்கிற சமயம், ஐம்பதை ஒட்டி, ராத்திரியில் உடம்பு அடுப்பாக எரியும். ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு ஹாலில் வெறும் தரையில் படுப்பேன். அப்போது இவருக்கு மாதத்தில் பாதி நைட் ஷிப்ட். காலையில் வந்து, "ஏன் கண்ணெல்லாம் சிவந்திருக்கு?" என்பார். சூடு என்பேன். மோர் குடி என்பார், போய்ப் படுத்துவிடுவார். மோரில் ஆறுகிற சூடா அது? இப்போது எனக்கு உடம்பு அடங்கிவிட்டது, அவருக்குத் தூக்கம் போய்விட்டது. எனக்கு விடிந்தால் பள்ளி. என்னை எழுப்ப வேண்டாம் என்று அவரே போன மாதம் தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார். நான் படுத்த அதே இடம், அதே மின்விசிறிக்கு அடியில். ஏழு வருடம் தள்ளி.

இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. பாத்ரூம் வாசலில் ஒரு நைட் லேம்ப் வாங்கிப் போட வேண்டும்.

ஏப்ரல் 9, புதன்

வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. 2021-இலிருந்து பெண்களுக்குச் சாதாரணப் பேருந்தில் டிக்கெட்டுக்குக் காசு இல்லை, அதனால் அதற்காகவே காத்திருந்து ஏறுகிறேன். ஓய்வுபெறப் போகிற வயதில் பத்து ரூபாய்க்காக முக்கால் மணி நேரம் வெயிலில் நிற்பது கஞ்சத்தனமா, பழக்கமா தெரியவில்லை. பூந்தமல்லி ஸ்டாண்டில் இறங்கினால் இவர் டிவிஎஸ்ஸோடு நிற்கிறார். முட்டி வலிக்கிறது என்று காலையில் ஒரு வார்த்தை சொன்னதுதான்.

இந்த ஊர்த் திருக்கச்சி நம்பி, பூந்தமல்லியில் பூ வளர்த்துத் தினம் காஞ்சிக்கு நடந்தே போய் வரதருக்குச் சாத்தியவர். தள்ளாத வயதில் நடக்க முடியாமல் போனபோது வரதரே இங்கே வந்து சேவை கொடுத்ததாகச் சொல்வார்கள். "வரதர் வண்டியில வந்துட்டாரு" என்றேன். புரியவில்லை அவருக்கு. "பெட்ரோல் போட்டேனான்னு கேக்கறியா?" என்றார். ஹார்ன் சத்தத்தில் காதும் மந்தம்.

ஏப்ரல் 14, திங்கள்

விசுவாவசு வருடம் பிறந்தாயிற்று. பச்சடிக்கு மாங்காய் இருக்கிறது, வேப்பம்பூ மாடி வீட்டு மரத்தில் பறித்தாயிற்று. வெல்லம் டி-2 என்று சீட்டு சொல்கிறது, டப்பா காலி. வெல்லம் தீர்ந்ததைக் குறித்து வைக்க டூல் ரூமில் ஒரு முறை இருக்குமே, அதை ஏன் இங்கே கொண்டு வரவில்லை என்று கேட்டேன். பதில் இல்லை.

பஞ்சாங்கம் பார்க்கக் கண்ணாடியைத் தேடினால் அவர் மூக்கில் இருந்தது. அவருடையது ஹாலில் எங்கோ. இரண்டும் பஜாரில் வாங்கின படிக்கிற கண்ணாடி, என்னுடையது இரண்டு பவர், அவருடையது இரண்டரை. அவசரத்துக்கு எது கிடைத்தாலும் போட்டுக்கொள்கிறோம். கிடைத்ததைப் போட்டுக்கொண்டு, பஞ்சாங்கத்தை விட்டுவிட்டு, போனைத் திறந்து ஆயுள் சான்றின் நிலை என்ன என்று பார்த்தேன். ஏற்றுக்கொண்டாயிற்று.

"என்னங்க, சர்ட்டிபிகேட் ஓகே ஆயிடுச்சு. அடுத்த மார்ச் வரைக்கும் நீங்க இருக்கீங்க."

"அப்படியா? அப்ப வெல்லம் அரைக் கிலோவா, ஒரு கிலோவா?" என்று பையை எடுத்தார்.