"போலி" என்று குற்றஞ்சாட்டும் உள்ளான குரல்



பெங்களூரிலோ, புனேயிலோ, ஹைதராபாத்திலோ கணினிமுன் அமர்ந்து பிறருக்குப் பாடங்களை ஆயத்தம் செய்கிறவரா நீங்கள்? "இன்ஸ்ட்ரக்ஷனல் டிசைனர்" என்று உங்கள் அடையாள அட்டையில் அச்சிடப்பட்டிருக்கிறதா? "இந்த வேலைக்கு நான் தகுதியுள்ளவள்தானா? என்றைக்காவது எல்லாரும் கண்டுபிடித்துவிடுவார்களே" என்று இராக்காலங்களில் விழித்திருந்து கலங்குகிறீர்களா? அப்படியானால் இவ்வரிகள் உங்களுக்காகவே எழுதப்படுகின்றன.

எங்கள் சபையில் இவ்வேலையைச் செய்கிற பிள்ளைகள் சிலர் உண்டு. ஆங்கில இலக்கியம் படித்தவர்கள், பி.எட். முடித்தவர்கள், பள்ளியில் போதித்துவிட்டு நகரத்துக்கு வந்தவர்கள். இவ்வேலையின் பெயரில் பட்டம் பெற்றவர் ஒருவருமில்லை. ஊரிலிருக்கும் பெற்றோருக்கோ, "கம்ப்யூட்டர் வேலை" என்பதற்குமேல் விளக்கிச் சொல்லவும் முடிவதில்லை. ஆகவே சந்தேகம் அவர்கள் உள்ளத்தில் முன்னமே இருந்தது. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி பொதுமக்களின் பயன்பாட்டுக்கு வந்தபின் அது இரட்டிப்பாயிற்று.

பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்த ஒரு சகோதரி என்னிடம் இவ்வாறு சொன்னாள்: "பாஸ்டர், இரண்டு வாரம் உழைத்து நான் எழுதிய பாடத்தை அந்தக் கருவி இரண்டு நிமிடத்தில் எழுதிவிடுகிறது. அதைப் பயன்படுத்தினால் வேலை என்னுடையதல்ல என்று மனது குத்துகிறது. பயன்படுத்தாவிட்டால் பின்தங்கிப்போகிறேன். எப்படிப் பார்த்தாலும் நான் போலிதானே?"

பிரியமானவர்களே, இந்த உணர்வு புதிதல்ல. 1978-ஆம் ஆண்டிலேயே பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்னும் இரு அமெரிக்க உளவியலாளர்கள் இதற்குப் பெயரிட்டு எழுதினார்கள். 150-க்கும் மேற்பட்ட, சாதனை படைத்த பெண்களிடம் அவர்கள் இதைக் கண்டார்கள். பட்டமும் பாராட்டும் பெற்றிருந்தும், "பிறரை ஏமாற்றிவிட்டேன்" என்றே அப்பெண்கள் எண்ணியிருந்தார்கள். இன்று உலகம் இதை "இம்போஸ்டர் சிண்ட்ரோம்" என்கிறது. ஆனால் அவ்விருவரும் இதை நோய் என்று சொல்லவில்லை. 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, முந்தைய 62 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. அளக்கும் முறைக்கேற்ப, இவ்வுணர்வுடையோர் 9 சதவீதம் முதல் 82 சதவீதம் வரை காணப்பட்டார்கள். நீங்கள் தனித்தவரல்ல.

பட்டம் இல்லையே என்று கலங்குகிறீர்களா? உங்கள் துறையின் வரலாற்றைச் சற்றே நோக்குங்கள். இரண்டாம் உலகப் போரில் திரளான வீரர்களை விரைவாகப் பயிற்றுவிக்க வேண்டிய நெருக்கடியில்தான் அது உருப்பெற்றது. அதன் முன்னோடியான ராபர்ட் கான்யே, போர்க்காலத்தில் அமெரிக்க விமானப்படையில் பணியாற்றிய உளவியலாளர். நீங்கள் நாள்தோறும் கையாளும் 'ஆடி' முறையோ, 1975-இல் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் அமெரிக்க ராணுவத்துக்காக வகுத்த முறையிலிருந்து வளர்ந்தது. உங்கள் துறையைக் கட்டியவர்களே வேறு துறைகளிலிருந்து வந்தவர்கள்தான்.

இனி அந்தக் கருவியைக் குறித்துச் சிந்திப்போம். அது சரளமாக எழுதும். ஆனால் தவறாக எழுதும்போதும் அதே சரளத்தோடு எழுதும். 2023-இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் சிலர், சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டினார்கள். இத்தீர்ப்பு உண்மைதானா என்று அக்கருவியிடமே கேட்டபோது, உண்மைதான் என்றது. நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது.

இதில் உங்களுக்கு ஒரு பாடம் உண்டு. உங்கள் உள்ளத்தில் இரண்டு குரல்கள் பேசுகின்றன. ஒன்று, "இது சரிதானா?" என்று வேலையைச் சோதிக்கிறது. மற்றொன்று, "நீ யார்?" என்று ஆளைக் குற்றஞ்சாட்டுகிறது. முதலாம் குரலை இழந்துவிடாதீர்கள். அது உங்கள் தொழிலின் உரைகல். இரண்டாம் குரலுக்குச் செவிகொடாதிருங்கள். இரண்டும் ஒரே சத்தத்தில் பேசுவதால் நாம் மயங்கிப்போகிறோம்.

அப்படியானால் செய்யவேண்டியது என்ன?

முதலாவது, நீங்கள் எடுக்கும் முடிவுகளை எழுதிவையுங்கள். கருவி கொடுத்த வரைவில் எதை நீக்கினீர்கள், எதைத் திருத்தினீர்கள், ஏன் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறியுங்கள். அந்தச் சகோதரி அவ்விதமே செய்தாள். ஓர் அலுவலகத்தில் ஊழியர்கள் ஒரு படிவத்தைத் தவறாக நிரப்புகிறார்கள் என்று ஒருமணி நேரப் பயிற்சிப் பாடம் கேட்கப்பட்டது. கருவி அழகான பாடத்தை எழுதித் தந்தது. அவளோ அரைநாள் அந்த ஊழியர்களின் அருகே அமர்ந்து பார்த்தாள். அடுத்தடுத்திருந்த இரண்டு கட்டங்கள் ஒன்றுபோலத் தோன்றியதே பிழைக்குக் காரணம். படிவத்தைத் திருத்தி, மேசையில் ஒரு பக்கக் குறிப்பை ஒட்டினால் போதும் என்று எழுதிக்கொடுத்தாள். கேட்டதைக் கருவி கொடுத்தது. கேட்டிருக்க வேண்டியது எது என்பதை அவள் கண்டாள். இது போலியின் வேலையா?

இரண்டாவது, மறைக்காதிருங்கள். எந்தப் பகுதிக்குக் கருவியைப் பயன்படுத்தினீர்கள் என்பதை உங்கள் மேலாளரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். நிறுவனத்தின் இரகசியத் தகவல்களை அனுமதியின்றி அதில் இடாதிருங்கள். மறைத்துவைத்த காரியமே பயத்தைப் பிறப்பிக்கிறது.

மூன்றாவது, மெய்யாகவே குறையிருந்தால் கற்றுக்கொள்ளுங்கள். பயிற்சியின் பலனை நான்கு நிலைகளில் அளக்கும் முறையை டொனால்ட் கர்க்பாட்ரிக் 1959-இல் எழுதினார். "பாடம் பிடித்திருந்ததா?" என்பது முதல் நிலை மாத்திரமே. கற்றவரின் செயல் வேலையில் மாறியிருக்கிறதா என்று பார்ப்பது மூன்றாம் நிலை. அதற்கு மனிதர்களிடம் போகவேண்டும், போகிறவர் நீங்களாயிருங்கள்.

நான்காவது, ஒருவரோடொருவர் பேசுங்கள். கிளான்ஸும் ஐம்ஸும் இவ்வுணர்வுடையோரைக் குழுவாகப் பேசவைப்பதையே பரிந்துரைத்தார்கள். வாரக்கணக்காய் உறக்கமும் பசியும் கெட்டுப்போயிருந்தால், தாமதியாமல் மனநல மருத்துவரைக் காணுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

என் பணியும் இதற்கு விலக்கல்ல. ஒரு பகுதியை மூன்று தலைப்புகளாகப் பிரித்துப் போதிக்க வேதாகமக் கல்லூரியில் ஆண்டுக்கணக்கில் பயின்றேன். இன்று அதைக் கருவி ஒரு நிமிடத்தில் செய்கிறது. ஆயினும் மூன்றாம் வரிசையில் இருக்கிற தாய் இந்த வாரம் கணவனை அடக்கம்பண்ணிவிட்டு வந்திருக்கிறாள் என்பது அதற்குத் தெரியாது. அவளுக்கு எதைச் சொல்லவேண்டும், எதைச் சொல்லாமல் விடவேண்டும் என்பதை அவளை அறிந்தவனே தீர்மானிக்கவேண்டும். உங்கள் பாடத்தைக் கற்கிறவரும் அப்படிப்பட்ட ஒரு மனிதரே.

உங்கள் வேலை நிலைத்திருக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க இயலாது. அந்தச் சகோதரியின் குழுவிலும் ஆட்கள் குறைக்கப்பட்டார்கள்; அவளும் நாளையதினத்தை அறியாள். ஆனால் வேலையை இழப்பது வேறு, போலியாயிருப்பது வேறு. முந்தையது சந்தையின் தீர்ப்பு. அதை உங்களைக் குறித்த தீர்ப்பாக ஏற்றுக்கொள்ளாதிருங்கள்.

ஆகையால், அருமையானவர்களே, நாளை காலையில் கணினியைத் திறக்குமுன் அந்த நோட்டுப் புத்தகத்தைத் திறவுங்கள். "இது சரிதானா?" என்று கேட்டு உங்கள் வேலையைத் தொடங்குங்கள். சோர்ந்துபோகாதிருங்கள்.